முதல் சாப்பிடு

எங்கள் கட்டடத்தில் இரண்டு லிஃப்ற். ஒன்று எப்போதும் பழுது. மற்றதில் ஏழாம் மாடி அன்ரி ஏறினால், உள்ளே நிற்கிற தமிழ்ச் சனம் அவருடைய முகத்தைப் பார்க்காது, கையைப் பார்க்கும். கையில் ஒன்றும் இல்லையென்றால், "என்ன அன்ரி, குளிர் விடுற மாதிரிக் காணேல்லை" என்று கதை தொடங்கும். கையில் அந்த மூன்றடுக்குச் சாப்பாட்டுக் கரியர், பழைய பச்சைச் சால்வையால் சுற்றியபடி இருந்தால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். அவர் எந்த மாடிக்கு அமத்துகிறார் என்று பார்ப்பார்கள். தங்கள் மாடி இல்லையென்றால் மெல்ல மூச்சு விடுவார்கள். தங்கள் மாடி என்றால், லிஃப்ற் போய்ச் சேருவதற்குள் ஊரில் மிச்சம் இருக்கிற தாய், தகப்பன், மாமன், மாமி என்று ஒவ்வொருவராக எண்ணிப் பார்ப்பார்கள்.

ஊரில் யாராவது இறந்துவிட்டால், இங்கே கனடாவில் தனியாக இருக்கிற பிள்ளைக்கு நேரே போன் எடுத்துச் சொல்ல அங்குள்ளவர்களுக்கு மனம் வராது. பக்கத்தில் யாராவது இருக்கும்போது சொல்லட்டும் என்று இன்னொருவரைப் பிடிப்பார்கள். எங்கள் கட்டடத்தில் அந்த இன்னொருவர் ஏழாம் மாடி அன்ரி. யாரும் அவருக்குக் கொடுத்த பொறுப்பில்லை, தானாக எடுத்துக்கொண்டது. செய்தி கிடைத்ததும் அவர் முதலில் செய்கிற காரியம் அரிசி களைவது. சமைத்து, கரியரில் போட்டு, கொண்டுபோய், இருத்தி, சாப்பிட வைத்துவிட்டுத்தான் சொல்வார். அதற்கு முன் அவரைக் குத்திக் கேட்டாலும் ஒரு சொல் வராது.

"முதல் சாப்பிடு. பிறகு கதைப்பம்."

ஏன் அன்ரி இப்படி என்று கேட்டால், "வெறும் வயித்தில கேக்கிறது வேற, சாப்பிட்டிட்டுக் கேக்கிறது வேற. சொன்னாப் பிறகு நீங்கள் ஒருத்தரும் வாயில வைக்கமாட்டியள். எனக்குத் தெரியும்" என்பார்.

அவர் இப்போது இந்தக் கட்டடத்தில் இல்லை. கல்கரியில் மருமகளோடும் இரண்டு பேரப்பிள்ளைகளோடும் இருக்கிறார். ஆனால் மார்கழியிலிருந்து சித்திரை வரை இழுபடுகிற இந்தக் குளிர் வரும்போதெல்லாம், வாசலில் பூட்ஸிலிருந்து உருகி வழிகிற உப்புத் தண்ணீரைத் துடைக்கும்போதெல்லாம், எனக்கு அவருடைய நினைவு வருகிறது. அன்பாகத்தான் வருகிறது என்று சொல்ல ஆசை. பாதி அன்பு, பாதி இன்னும் ஆறாத கோபம்.

ஆள் சிறிய உருவம். வீட்டுக்குள்ளேயும் கம்பளித் தொப்பி, காலில் இரண்டு சோடி சொக்ஸ். இருபது வருடத்துக்கு மேல் இந்த ஊரில் இருந்தும் இந்தக் குளிரோடு அவர் சமாதானம் ஆகவில்லை. பங்குனி கடைசியில் ஒரு நாள் வெயில் எறித்தால் நாங்கள் ஜக்கற்றைக் கழற்றி எறிந்துவிட்டுத் திரிவோம். அன்ரி பல்கனிக் கதவைக்கூடத் திறக்கமாட்டார். "உது பல்லைக் காட்டுற வெயில். உதை நம்பிக் கழட்டாதேங்கோ" என்பார். வைகாசி முடியும்வரை அவருடைய பூட்ஸ் வாசலில்தான் நிற்கும். தான் சாப்பிடுவதை அவர் யாருக்கும் காட்டியதில்லை. அடுத்தவர் சாப்பிடும்போது பக்கத்தில் நின்று தட்டையே பார்ப்பார். அப்படி ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கச் சாப்பிடுவது எவ்வளவு சங்கடம் என்று அவருக்கு விளங்கவே இல்லை.

புதிதாக யாராவது தமிழர் குடிவந்தால் முதல் கிழமையே கதவைத் தட்டுவார். என்னிடமும் வந்தார். "ஊரில ஆர் இருக்கினம்? ஒரு நம்பர் தா. என்ர நம்பரையும் அவைக்குக் குடு" என்றார். இந்த மனுசிக்கு என்ன தேவையில்லாத விடுப்பு, அடுத்த வீட்டுக் கதை அறிகிற ஆசை என்று நினைத்தபடிதான் அண்ணனுடைய நம்பரைக் கொடுத்தேன்.

போன் அவருக்குப் பெரிய எதிரி. செய்தி இப்போதெல்லாம் அவருடைய சோறு வேகுமுன் வந்துவிடுகிறது. ஒருவர் படத்தைப் போட்டுக் கண்ணீர் அஞ்சலி என்று எழுதினால் முடிந்தது. அதனால் வீட்டுக்குள் வந்ததும் அன்ரி முதலில் கையை நீட்டி, "உந்தப் போனை இஞ்ச தா. சாப்பிடேக்க போன் பாக்கக்கூடாது" என்று வாங்குவார். வாங்கித் தன் தொடைக்குக் கீழே வைத்து அமத்திக்கொண்டு இருப்பார். அது அங்கே கிடந்து அதிரும். அவர் அசையமாட்டார்.

கட்டடத்தில் உள்ளவர்கள் அவருடைய கரியரையும் படிக்கப் பழகியிருந்தார்கள். செவ்வாய், வெள்ளியில் மரக்கறி வந்தால் பயப்படத் தேவையில்லை, அது சும்மா சாப்பாடாகவும் இருக்கலாம். மற்ற நாளில் மீனோ இறைச்சியோ இருந்தால் நிச்சயம் சும்மா சாப்பாடு. ஞாயிறு, புதன் மாதிரி நாளில் கரியரைத் திறக்கப் பருப்பும் கத்தரிக்காயும் மட்டும் இருந்தால் உங்கள் வீட்டில் யாரோ இல்லை. செத்தவீட்டுக்காரருக்கு மீன், இறைச்சி என்று மச்சம் கொடுக்க அன்ரிக்கு மனம் வராது, அவர்களுக்கே இன்னும் தெரியாவிட்டாலும்.

இந்தக் கணக்கில் ஒருமுறை பிழை வந்தது. ஐந்தாம் மாடியில் மன்னாரைச் சேர்ந்த ஒரு அண்ணை தனியாக இருந்தார். வேதக்காரர், கிறிஸ்தவர். மார்கழிக் குளிரில் அவருக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, அன்ரி ஒரு புதன்கிழமை பின்நேரம் சோறும் பருப்பும் பூசணிக்காயும் கொண்டுபோனார். திருவெம்பாவை நடக்கிற பத்து நாளும் அன்ரி வீட்டில் மரக்கறிதான். அது மன்னார் அண்ணைக்கு எப்படித் தெரியும்? கதவைத் திறந்தார், பச்சைச் சால்வையைக் கண்டார், மூடியைத் தூக்கிப் பார்த்தார், புதன்கிழமை என்று நினைத்தார்.

"ஆர் அன்ரி? அம்மாவோ?"

"ஒண்டுமில்லையடா தம்பி. முதல் சாப்பிடு."

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் தப்பியிருப்பார். மன்னார் அண்ணை ஐந்தாம் மாடி முழுக்கக் கேட்கத் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். போனைப் பறிக்க அன்ரி பட்ட பாட்டையும் மீறி ஊருக்கு எடுத்துவிட்டார். அங்கே விடிய மூன்றரை மணி. அந்த நேரத்தில் கனடாவிலிருந்து போன் வந்தால் தாய் என்ன நினைப்பார்? மகனுக்கு ஏதோ நடந்துவிட்டது என்று அவர் அங்கே கத்த, தாயின் குரலைக் கேட்டும் நம்பாமல் இவர் இங்கே கத்த, உயிரோடு இருக்கிற இரண்டு பேரும் ஆளுக்காள் அரை மணித்தியாலம் ஒப்பாரி வைத்தார்கள். இதைச் சொல்லிச் சொல்லி அந்தக் குளிர்காலம் முழுக்கக் கட்டடம் சிரித்தது. அன்ரி சிரிக்கவில்லை. "கடைசியில அவன் சாப்பிடவே இல்லை" என்பதுதான் அவருடைய கவலை.

இனி என்னுடைய கதை. நான் குடிவந்து மூன்று மாதம். லிஃப்ற்றில் கையைப் பார்க்கிற பழக்கம் எனக்கு இன்னும் யாரும் சொல்லித் தரவில்லை. மார்க்கம் நகரில் ஒரு பிஸ்கற் ஃபக்ரறியில் பெட்டி அடுக்குகிற வேலை. வேலைக்குள் போன் கொண்டுபோக முடியாது, லொக்கரில் பூட்டிவிட வேண்டும். அது மாசி மாதம். இரண்டாவது பஸ் ஸ்நோவில் மாட்டிக்கொண்டது. அடுத்ததற்காக நின்ற நேரத்தில் குளிருக்குப் போன் செத்துவிட்டது. விரல் மரத்து, பசியில் காது அடைத்து, நாலாம் மாடியில் இறங்கினால் என் கதவடியில் அன்ரி நிற்கிறார். கையில் பச்சைச் சால்வை.

"எவ்வளவு நேரமா நிக்கிறியள் அன்ரி?"

"இப்பதான். கதவைத் திற. முதல் சாப்பிடு."

நான் எவ்வளவு சந்தோசப்பட்டேன் தெரியுமா? மூன்று மாதமாக என்னை ஒருவரும் சாப்பிடு என்று சொல்லவில்லை. புட்டு, கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, பொரித்த மோர்மிளகாய். கை கழுவினேனோ தெரியாது. அள்ளி அள்ளிச் சாப்பிட்டேன். வாய் நிறையப் புட்டோடு சொன்னேன்:

"எங்கட அம்மாவின்ர கை மாதிரியே இருக்கு அன்ரி. இன்னும் கொஞ்சம் போடுங்கோ."

போட்டார். போட்டுவிட்டுச் சிங்குக்குப் போய்ப் பைப்பைத் திறந்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அங்கே கழுவ ஒன்றும் இருக்கவில்லை. சுடுதண்ணீர் வீணாக ஓடுகிறதே என்று நினைத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

நான் கை கழுவி வந்து இருந்த பிறகு, என் எதிரே வந்து இருந்தார். "தவறிவிட்டா", "மோசம் போயிட்டா" என்ற சொல் எதுவும் அவர் பாவிக்கமாட்டார். அப்படிச் சொன்னால் கேட்கிறவர்கள் விளங்காத மாதிரி இன்னும் கொஞ்ச நேரம் இருப்பார்களாம்.

"பிள்ளை, உன்ர அம்மா செத்துப்போனா. அங்க மத்தியானம். நெஞ்சுவலி. கொண்ணன்தான் போன் எடுத்துச் சொன்னவன்."

அங்கே மத்தியானம் என்றால் இங்கே விடிய ஒன்றரை மணி. நான் காலையில் எழும்பி, தலை இழுத்து, பஸ் ஏறி, எட்டு மணித்தியாலம் பெட்டி அடுக்கி, பக்கத்தில் நின்ற பெண்ணோடு பகிடி விட்டுச் சிரித்தேன். அம்மா இல்லாத ஒரு முழு நாள். அதற்கு மேல் இரண்டாம் தரம் புட்டு வேறு கேட்டேன்.

என்னுடைய அகதிக் கேஸ் முடியவில்லை, ஊருக்குப் போக வழியில்லை. அண்ணன் பிடித்த போனில் செத்தவீடு பார்த்தேன். பாதி நேரம் பந்தல் சீலைதான் தெரிந்தது. அடுத்த இரண்டு நாளும் தண்ணீரைத் தவிர ஒன்றும் எனக்கு இறங்கவில்லை. அந்தப் புட்டில்தான் நின்றேன் என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரிந்திருந்தாலும் மன்னித்திருக்கமாட்டேன். அம்மாவை நினைத்து அழுததைவிட, அம்மா குளிர்ந்து கிடக்க ருசி பார்த்துச் சாப்பிட்டேனே என்று அழுததுதான் அதிகம். யார் இந்த மனுசி, எனக்கும் என் தாய்க்கும் நடுவில் ஒரு சாப்பாட்டுக் கோப்பையைக் கொண்டுவந்து வைக்க? ஒரு வருடத்துக்கு மேல் நான் அன்ரியோடு கதைக்கவில்லை. லிஃப்ற்றில் அவர் ஏறினால் நான் இறங்கிப் படியால் போனேன்.

என்னைவிடக் கோபக்காரியும் ஒருத்தி இருந்தாள். மூன்றாம் மாடியில் ஒரு இளம் பெண், எட்டு மாதக் கர்ப்பிணி. ஊரில் தகப்பன் இறந்துவிட்டார். அவள் மயங்கி விழுந்து ஏதும் நடந்துவிடும் என்ற பயத்தில் புருசன்காரன் அன்ரியிடம் ஓடினான். இரண்டு பேரும் சேர்ந்து முடிவெடுத்தார்கள், பிள்ளை பிறக்கும்வரை சொல்வதில்லை. பத்தொன்பது நாள். அந்தப் பெண் ஒவ்வொரு நாளும் அப்பாவோடு கதைக்க வேண்டும் என்று கேட்டாள். அங்கே கரண்ட் இல்லை, லைன் இல்லை, அப்பா கோயிலுக்குப் போய்விட்டார் என்று ஒவ்வொரு காரணம் சொன்னார்கள். சந்தேகம் வராமலிருக்க அன்ரி ஒவ்வொரு நாளும் சாப்பாடு கொண்டுபோனார். மரக்கறி கொண்டுபோனால் பிடிபட்டுவிடும் என்று மீன் கொண்டுபோனார்.

பிள்ளை பிறந்த பிறகு சொன்னார்கள். அவள் கத்தவில்லையாம். அன்ரியைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம்.

"என்ர அப்பா செத்து எட்டுச் செலவுக்குள்ள எனக்கு மீன் தீத்தினியளோ?"

எட்டாம் நாள் கிரியைக்கு முன் மீன் வாயில் வைப்பது எங்கள் சனத்துக்குச் சின்ன விஷயம் இல்லை. அந்தக் குடும்பம் ஸ்நோ கரையுமுன் கட்டடத்தை விட்டுப் போய்விட்டது. பிள்ளைக்கு முப்பத்தோராம் நாள் பிறந்த துடக்குக் கழித்த சடங்குக்குக்கூட அன்ரிக்குச் சொல்லவில்லை. பத்தொன்பது நாள் அவளுக்குச் சமைத்தவர் அவர்.

நான் அன்ரியோடு திரும்பக் கதைத்தது நிலக்கீழ் லோன்றி அறையில். அங்கே உட்கார ஒரு நீள வாங்குப் பலகை இருக்கிறது, ட்ரையர் ஓடும்போது கட்டடத்திலேயே சூடான இடம் அதுதான். ஒரு நாள் அவரும் நானும் மட்டும் அகப்பட்டுக்கொண்டோம். என் உடுப்பு காய இன்னும் நாற்பது நிமிடம். மூன்றாம் மாடிப் பெண்ணின் கதை அப்போது கட்டடம் முழுக்க நாறிக்கொண்டிருந்தது. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அவள் கேட்டதில என்ன பிழை அன்ரி? தகப்பன் செத்ததை அறியிறதுக்கு ஒரு பிள்ளைக்கு உரிமை இல்லையோ?"

"உரிமை இருக்கு" என்றார். சால்வை ஒன்றை மடித்துக்கொண்டிருந்தார். "பிள்ளை சுகமாப் பிறந்தது. அவள் என்னோட கோவமா இருக்கட்டும். கோவிக்கவும் உடம்பில தெம்பு வேணுமெல்லோ."

பிறகு, நான் கேட்காமலே சொன்னார்.

"என்ர மனுசன் செத்த செய்தியை எனக்கு வாசல் படலையில வைச்சுச் சொன்னவங்கள். சைக்கிள்ள வந்தவன் இறங்கக்கூட இல்லை. ஒரு காலை ஊண்டிக்கொண்டு சொல்லிப்போட்டுப் போட்டான். மகன், நான் தம்பி எண்டு கூப்பிடுறவன், பிறந்து நாப்பது நாள். ஆமியின்ர செல்லடி நேரம், செத்தவீட்டுக்கும் சனமில்லை. மூண்டு நாள் எனக்கு ஒருத்தரும் ஒண்டும் தரேல்லை, நானும் கேக்கேல்லை. மூண்டாம் நாள் பால் நிண்டுபோச்சு. பிள்ளை முலையை வாயில வைச்சுக்கொண்டு கத்தின கத்தல் இருக்கே, மனுசன் செத்தது மறந்துபோச்சு எனக்கு. இந்தக் கத்தல் மட்டும் மறக்கேல்லை."

ட்ரையர் சுற்றிக்கொண்டே இருந்தது.

"அந்தப் பிள்ளைக்கு இப்ப முப்பத்துமூண்டு வயசு. கல்கரியில ரெண்டு பிள்ளையளுக்குத் தகப்பன். இண்டைக்கும் காலமை சாப்பிடாமல் ஓடுற பழக்கம்தான். ஒவ்வொரு நாளும் போன் எடுத்துச் சாப்பிட்டியோ, சாப்பிட்டியோ எண்டு கேக்கிறன். சிரிக்கிறான்."

எனக்கு அழுகை வந்தது, கோபமும் விட்டுப்போகவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். சொன்னேன்:

"அன்ரி, எனக்கு இனி ஏதும் எண்டால் நேர சொல்லுங்கோ. சாப்பாடு கொண்டுவராதேங்கோ. நான் இன்னும் அந்தப் புட்டை மறக்கேல்லை."

"சரி" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எனக்கு ஏதும் செய்தி எண்டால் ஆர் சொல்லுவினம்? நீ சொல்லு. நீயும் நேர சொல்லுவியோ?" என்றார்.

"ஓம். வெறுங்கையோட வந்து சொல்லுவன்."

"பாப்பம்" என்று சிரித்தார். அவருக்கு முன்பல் ஒன்று இல்லை என்பதை அன்றைக்குத்தான் கண்டேன். அந்தக் கிழமையே என்னுடைய நம்பரைக் கல்கரிக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அதற்குப் பிறகு நாங்கள் சிநேகிதம். பொங்கலுக்கு அவருடைய பொம்மை மாதிரிச் சின்னக் கையைப் பிடித்து றிச்மண்ட் ஹில் கோயில் பார்க்கிங்கில் ஐஸில் வழுக்காமல் நடத்திப்போகிற அளவுக்குச் சிநேகிதம்.

மூன்று வருடத்துக்கு முந்திய அந்தச் சித்திரையில் குளிர் போவதாக நடித்தது. பத்து நாள் வெயில். பார்க்கிங் மூலையில் கறுத்துக் கிடந்த ஸ்நோ மேடுகூடக் கரைந்து, அதற்குள்ளிருந்து ஒரு பிள்ளையின் ஒற்றைக் கையுறை வெளியே வந்தது. அன்ரியே ஏமாந்துவிட்டார். பிறகு ஒரு சனிக்கிழமை காற்று மாறியது. ஞாயிறு விடியப் பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை, வெள்ளையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. இந்த ஊரை நான் அடியோடு வெறுத்த காலைகளில் அது ஒன்று.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன் போன் அடித்தது. கல்கரி நம்பர். அன்ரியின் மருமகள்.

"அக்கா, இவர் ஸ்நோ அள்ளப் போனவர். கனநேரம் சத்தத்தைக் காணேல்லை எண்டு போய்ப் பாக்க, ட்ரைவேயில விழுந்து கிடந்தவர். ஹொஸ்பிற்றலில ஆள் இல்லையெண்டிட்டினம் அக்கா." பின்னால் ஒரு பிள்ளை அழுதுகொண்டிருந்தது. "மாமிக்கு நான் எப்பிடிச் சொல்ல? நீங்கள் சொல்லுங்கோ. தனக்கு ஏதும் செய்தி எண்டால் உங்களுக்கு எடுக்கச் சொல்லி மாமிதான் நம்பர் தந்தவ."

நான் லிஃப்ற்றில் ஏறவில்லை. மூன்று மாடி. ஒவ்வொரு மாடியிலும் நின்று அந்த வசனத்தைச் சொல்லிப் பார்த்தேன். அன்ரி, உங்கட மகன் செத்துப்போனார். ஐந்தாம் மாடியில் ஒருமுறை, ஆறாம் மாடியில் ஒருமுறை, கதவடியில் ஒருமுறை. நேரே சொல்ல வேண்டும், சுற்றி வளைக்கக்கூடாது. வாக்குக் கொடுத்திருக்கிறேன். எனக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக்கூடாது.

அன்ரி கதவைத் திறந்ததும் என் கையைத்தான் பார்த்தார். வெறுங்கை. அவருடைய முகம் தெளிந்தது.

"வா மோனை, வா. பார் உந்தக் கோதாரி ஸ்நோவை. நேற்றுத்தான் பூட்ஸைக் கழுவி உள்ளுக்க வைச்சனான். என்ர புத்தியைச் செருப்பால அடிக்கோணும். தம்பி காலமை எடுத்தவன், அங்கயும் கொட்டுதாம். அள்ளிப்போட்டு எடுக்கிறன் அம்மா எண்டவன், இன்னும் காணேல்லை."

போன் மேசையில், அவருடைய கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. வீடு முழுக்கப் புளி விட்ட மீன்குழம்பு வாசம். நான் வாயைத் திறந்தேன். படியில் மூன்று தரம் சொல்லிப் பார்த்த வசனம் தொண்டைவரை வந்தது.

"நீங்கள் சாப்பிட்டியளோ அன்ரி?"

சத்தியமாக நான் அதைக் கேட்க நினைக்கவில்லை. நாங்கள் ஒருவரையொருவர் நாளுக்குப் பத்துத் தரம் கேட்கிற கேள்வி அது. பஸ் தரிப்பில் கேட்போம், போனை எடுத்ததும் கேட்போம், பதிலைக் காது கொடுத்தும் கேட்கமாட்டோம். அன்றைக்கு அது என் வாயிலிருந்து விழுந்ததும் அன்ரி கதைப்பதை நிறுத்தினார். திரும்ப என் கையைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். முகத்தை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் குசினிக்குப் போனார். மீன்குழம்புச் சட்டியை மூடிப் பின் அடுப்புக்குத் தள்ளினார். ஒரு கோப்பையை எடுத்தார். சோறும் பருப்பும் மட்டும் போட்டுக்கொண்டு வந்து மேசையில் இருந்தார்.

அவர் சாப்பிடுவதை நான் முதல்முதலாகப் பார்த்தேன். சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்து, ஒவ்வொன்றையும் நெடுநேரம் மென்று விழுங்கினார். நடுவில் போன் அடித்தது. மருமகளுடைய பெயர் திரையில் தெரிந்தது. அன்ரி அதைப் பார்த்தார். இடது கையால் எடுத்துக் கவிழ்த்து, தன் தொடைக்குக் கீழே வைத்து அமத்திக்கொண்டார். அது அங்கே கிடந்து அதிர்ந்தது. அவர் அடுத்த வாயை வைத்தார்.

"போடு" என்றார்.

போட்டேன். அதையும் சாப்பிட்டார். ஒரு கரண்டிச் சோற்றுக்கு மேல் போனால் நெஞ்சுக்குள் நிற்கிறது என்று சொல்கிற மனுசி.

"இன்னும் போடு."

என்னால் பார்க்க முடியவில்லை. போட்டுவிட்டுச் சிங்குக்குப் போய்ப் பைப்பைத் திறந்தேன். தண்ணீர் ஓடியது. என்னுடைய வீட்டில் அவர் ஏன் அப்படி நின்றார் என்று எனக்கு அப்போது விளங்கியது, ஐந்து வருடம் கழித்து. அந்தச் சோற்றுச் சட்டியில் இன்னும் ஒரு கொத்துச் சோறு இருக்கக்கூடாதா என்று கடவுளைக் கேட்டேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்வரை அவருடைய பிள்ளை சாகவில்லை.

"முடிஞ்சுதோ?"

"ஓம் அன்ரி. சட்டியில ஒண்டுமில்லை."

எழும்பினார். என்னை விலக்கிவிட்டுத் தன் கோப்பையைத் தானே கழுவினார். கையைக் கழுவினார், துடைத்தார். அதே கதிரையில் வந்து இருந்து, கம்பளித் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நேர சொல்லுறன் எண்டனி."

"ஓம்."

"அப்ப சொல்லு."

சொன்னேன். "உங்கட மகன் செத்துப்போனார் அன்ரி. ஸ்நோ அள்ளேக்க. நெஞ்சு அடைச்சது." அவர் எனக்குச் சொன்ன அதே சொல்லைத்தான் சொன்னேன், வேறொன்றும் விளங்கிக்கொள்ள இடமில்லாமல்.

அவர் ஜன்னலுக்கு வெளியே கொட்டுகிற ஸ்நோவைப் பார்த்தார். போன் திரும்பவும் அதிரத் தொடங்கியது. பிறகு என் பக்கம் திரும்பி, மிகவும் மெல்லக் கேட்டார்.

"அள்ளப் போக முன்னம், அவன் சாப்பிட்டவனோ?"

நான் மருமகளிடம் அதைக் கேட்டிருக்கவில்லை.